ஊஞ்சப்பள்ளத்தில் இயல்பு நிலை

அந்தப் பெட்டியை இந்தப் பக்கம் தள்ளிவிடுங்கள் தம்பி. பஸ் ஜன்னலைச் சாத்தினாலும் இடுக்கு வழியாகச் சாரல் வருகிறது, கோழிக்குஞ்சுகள் நனைந்துவிடும். என் மடியில்கூட வைத்துக்கொள்கிறேன், எனக்கொன்றும் இல்லை. சத்தமா? சத்தம் இருந்தால்தானே நல்லது. உயிரோடு இருக்கின்றன என்று தெரியும்.

கல்லங்காட்டுப்புதூருக்கா? நானும் அந்தப் பக்கம்தான். ஊருக்குள் இல்லை, பள்ளத்து ஓடையைத் தாண்டியதும் இறங்கிவிடுவேன். ஊஞ்சப்பள்ளம் தரைப்பாலத்தில் இரண்டு கரையிலும் மின்விளக்குப் பலகை நிற்கிறதே, பார்த்திருப்பீர்கள். ராத்திரியும் பகலும் எரியும். பச்சையில் ‘இயல்பு நிலை, கடக்கலாம்’ என்று வரும். சிவப்பில் ‘கடக்காதீர்’ என்று வரும். சிவப்பை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். வைத்த நாளிலிருந்து யாருமே பார்த்ததில்லை. அதைச் செய்தவன் நான்தான். சென்னியப்பன் என்று பெயர். கோயமுத்தூரில் பம்பு கண்ட்ரோலர் செய்கிற கம்பெனி ஒன்றில் இருக்கிறேன்.

இதோ பாருங்கள், என் போனிலும் வரும். பலகைக்குப் போகிற அதே சொல்தான் எனக்கும் வரும். ‘இயல்பு நிலை.’ பச்சை. மலையில் விடிந்ததிலிருந்து கொட்டுகிறது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். கொட்டட்டும். அதற்குத்தானே பலகை வைத்திருக்கிறோம். இந்த மழையில் அது எரிகிறதைப் போட்டோ எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார் எங்கள் முதலாளி. இன்னும் பல தரைப்பாலங்களுக்கு ஆர்டர் வரும்போல் இருக்கிறது. போட்டோ இருந்தால் பேசுவதற்கு வசதி.

அங்கே பால் வண்டி ஒன்று வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனது உங்களுக்கு நினைவிருக்கும். உங்கள் ஊர்க்காரர்தானே ஓட்டியது? உறவா? ஓ. வருத்தமாக இருக்கிறது. வண்டியை மறுநாளே எடுத்துவிட்டார்கள், அவரை எடுக்க நாளானது என்று கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு ஜனங்கள் சாலையை மறித்து உட்கார்ந்தார்கள், ஊராட்சியில் கூட்டம் போட்டார்கள், வேலை எங்களிடம் வந்தது. பள்ளம் வளைகிற இடத்தில், மேலே, ஒரு குழாய்க்குள் மிதவை போட்டிருக்கிறேன். தண்ணீர் ஏறினால் மிதவை ஏறும். பலகையில் சொல் மாறும். அவ்வளவுதான் விஷயம். அதற்கு முன்பெல்லாம் மழைக்காலத்தில் குறுக்கே சங்கிலி கட்டிவிடுவார்களாமே. பலகை வந்ததும் சங்கிலியை எடுக்கச் சொன்னவன் நான்தான். இரண்டு இருந்தால் ஜனங்கள் எதை நம்புவார்கள், சொல்லுங்கள்?

ஆனால் அந்தப் பலகையைச் செய்வதற்குள் நான் பட்ட பாடு இருக்கிறதே. பலகை பெரிய வேலையில்லை. மிதவை எனக்குத் தூக்கத்தில்கூட வரும். பாடுபட்டதெல்லாம் அந்தச் சொல்லால்தான். ‘இயல்பு நிலை’ என்ற அந்தச் சொல்லை மெஷினுக்குள் எங்கே வைப்பது, யாரிடம் வைப்பது என்பதில்தான். சிரிக்காதீர்கள். உங்களுக்குப் புரிகிற மாதிரியே சொல்கிறேன். இன்னும் தூரம் இருக்கிறது.

நான் எத்தனையோ வருஷமாக ஒரே மொழியில்தான் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். பழைய மொழி. அதில் ஒரு சொல் வேண்டுமென்றால் அது இருக்கிற இடத்தை விரலால் காட்டினால் போதும். அங்கே யார் என்ன மாற்றினாலும் விரல் அங்கேயே காட்டிக்கொண்டிருக்கும். ஆபத்தான மொழி என்பார்கள். இல்லாத இடத்தையும் விரல் காட்டும், ஒருநாள் மெஷின் அப்படியே நின்றுபோகும். இருந்தாலும் எனக்குப் பழகியது. முதலாளி தண்டபாணி திடீரென்று ஒருநாள் எல்லோரையும் கூப்பிட்டு, “இனிமே புது மெஷினுக்கெல்லாம் ரஸ்ட்டுங்கற மொழிலதான் எழுதோணும். உசுரு சம்பந்தப்பட்ட வேலைக்கு அதுதான் பத்திரம்னு சொல்றாங்கொ” என்றார். ரஸ்ட் என்றால் துரு. மோட்டார் கம்பெனியில் துருவைக் கொண்டுவந்து நடுவீட்டில் வைக்கிறார்களே என்று நான் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கு என் பேச்சுக்குச் சிரித்தார்கள்.

சொல்லிக்கொடுக்க ஜெனிட்டா என்று ஒரு பெண். நாகர்கோவில் பக்கம். எங்கள் கம்பெனிக்கு வந்து கொஞ்சநாள்தான் ஆகியிருந்தது. கெட்டிக்காரிதான், அதை நான் மறுக்கவில்லை. எங்கே போனாலும், யாரிடம் சொன்னாலும், கெட்டிக்காரி என்றுதான் முதலில் சொல்வேன். அதற்குப் பிறகுதான் மற்றது.

அந்த மொழியில் சொல்லை வைத்துக்கொள்ள இரண்டு வகை இருக்கிறது தம்பி. ஒன்றில் சொல் உங்களுக்குச் சொந்தம். நீட்டலாம், வெட்டலாம், மாற்றலாம், வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். கொடுத்துவிட்டால் உங்களிடம் இருக்காது. இன்னொன்றில் சொல் உங்களுடையது இல்லை. வேறெங்கோ இருக்கிற சொல்லை எட்டிப் பார்க்கிறீர்கள். வெறும் பார்வை. இதோ, இந்தப் பெட்டியும் குஞ்சுகளும் உங்களுடையவை. நான் இந்த ஓட்டை வழியாகப் பார்க்கிறேன். குஞ்சு தெரிகிறது, ஆனால் என்னுடையது இல்லை. இதுவரைக்கும் சரியா? இப்போதுதான் சிக்கல். நான் பார்த்துக்கொண்டிருக்கும்வரை நீங்கள் பெட்டிக்குள் கைவிட்டு எதையும் மாற்றக்கூடாது. அதுதான் அந்த மொழியின் சட்டம். பார்க்கிறவன் பார்த்துக்கொண்டிருக்கும்போது பார்க்கப்படுகிற பொருள் மாறக்கூடாது.

நாம் எழுதியதை வாங்கிப் பார்த்து மெஷினுக்கு ஏற்றபடி மாற்றிக்கொடுக்கிறதற்குக் கம்பைலர் என்று பெயர். பழைய மொழியில் அது வாயில்லாப் பூச்சி. எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். இதில் அது செக்போஸ்ட். ஒவ்வொரு மூட்டையையும் இறக்கிப் பிரித்துப் பார்க்கும். சந்தேகம் வந்தால் அந்த வரிக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டு உட்கார்ந்துகொள்ளும், வண்டி நகராது.

பயிற்சி என்று சின்னச் சின்னதாகக் கொடுப்பார்கள். கோடிட்ட இடத்தை நிரப்புக மாதிரி. ஒரு சொல்லின் இரண்டு ஓரத்திலும் இருக்கிற வெற்றிடத்தை நறுக்கு. விடை சொந்தமா, பார்வையா? பார்வை போதும், ஏனென்றால் அதே சொல்லைத்தான் கொஞ்சம் குறுக்கிப் பார்க்கிறோம். இரண்டு சொல்லைச் சேர்த்து ஒட்டு. விடை? புதிதாக ஒன்று உண்டாகிறது, அதனால் சொந்தம். கூடவிருந்த பையன்களெல்லாம் டப்பு டப்பென்று முடித்துவிட்டு கேரம் ஆடப் போய்விடுவார்கள். நான் உட்கார்ந்திருப்பேன். சொந்தம் என்று எழுதினால் சிவப்பு. பார்வை என்று எழுதினால் சிவப்பு. மண்டை காய்ந்துபோகும். வீட்டுக்குப் போனாலும் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசிப்பேன், இந்தக் கிண்ணம் சொந்தமா, பார்வையா என்று.

“திட்டிட்டே இருக்குதும்மா இது” என்று ஒருநாள் ஜெனிட்டாவிடம் சொன்னேன்.

“அது திட்டல்ல சார். நமக்குப் பதிலா அது பயப்படுது” என்றாள். “நாம பயப்படவேண்டிய இடத்துல.”

நன்றாகத்தான் பேசுவாள்.

பிறகு நானாகவே ஒரு வழி கண்டுபிடித்தேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, நானாகவே. எங்கே சிவப்பு வருகிறதோ அங்கே ‘நகல் எடு’ என்று ஒரு சின்னச் சொல்லைச் சேர்த்துவிட வேண்டியது. அவ்வளவுதான், சிவப்பு போய்விடும். உங்கள் பெட்டியை நான் எட்டிப் பார்த்தால்தானே சண்டை? ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு விலகிவிடுகிறேன். நீங்கள் பெட்டிக்குள் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள், போட்டோ என் கையில் பத்திரமாக இருக்கும். குஞ்சு ஓடினாலும் சரி, செத்தாலும் சரி, போட்டோவில் அப்படியே நிற்கும். அதுதான் நகலின் அழகு.

அன்றிலிருந்து பயிற்சிகள் மளமளவென்று முடிந்தன. கேரம் ஆடவும் போனேன். ஜெனிட்டா என் திரையைப் பார்த்துவிட்டு, “எல்லாத்துக்கும் நகல் எடுத்தா பயிற்சி முடிஞ்சிரும் சார். படிச்சு முடிஞ்சிராது” என்றாள். நான் சிரித்துக்கொண்டேன். என் வயதில் பாதிகூட இருக்க மாட்டாள். சிரிக்காமல் என்ன செய்வது?

இருங்கள், கண்டக்டர் ஏதோ சொல்லிவிட்டுப் போகிறார். என்ன சொன்னார்? ஆமாம், கேட்டேன், கேட்டேன். ஆடி மாச மழையிலேயே பாலத்து மேல முட்டி வரைக்கும் தண்ணி போச்சு, போர்டு பச்சைதான் காட்டிட்டு நின்னுச்சு என்கிறார். இதே கதையை ஊராட்சியிலும் சொல்லியிருக்கிறார்கள். எனக்கும் போன் வந்தது. முட்டி என்றால் யார் முட்டி என்று கேட்டேன். ஒரு அளவு வேண்டாமா? மிதவை ஒரு மட்டத்துக்கு மேலே போனால்தான் சொல் மாறும். அந்த மட்டத்துக்குப் போயிருக்காது, அவ்வளவுதான். ஜனங்களுக்குத் தண்ணீரைக் கண்டால் எல்லாமே முட்டி அளவுதான். அன்றைக்கும் என் போனைப் பார்த்தேன். இயல்பு நிலை என்றுதான் இருந்தது. எழுத்துப் பிசகாமல்.

இப்போதும் பாருங்கள். இயல்பு நிலை.

எங்கே விட்டேன்? ஆங், பலகை. பலகைக்கான புரோகிராமை நான்தான் எழுதுவேன் என்று முதலாளியிடம் கேட்டு வாங்கினேன். பையன்களுக்கு ஒரு வேலை என்றால் அது அவர்கள் பயோடேட்டாவில் ஒரு வரி. எனக்கு அப்படியில்லை. அந்தப் பால் வண்டியை நினைத்துக்கொண்டே எழுதினேன். உண்மையாகச் சொல்கிறேன். அந்த மனிதரின் முகம்கூட எனக்குத் தெரியாது, ஆனாலும் அவரை நினைக்காமல் நான் ஒரு வரி எழுதவில்லை.

புரோகிராம் சின்னதுதான். ‘நிலை’ என்று ஒன்று, அதற்குள் ஒரு சொல். மெஷினை ஸ்விட்ச் போட்டதும் மிதவையைப் பார்த்து அந்தச் சொல்லை வைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு ஒரு சுற்று. மிதவையைப் பார், நிலையை மாற்று, பலகைக்கு அனுப்பு. மறுபடி மிதவையைப் பார், நிலையை மாற்று, பலகைக்கு அனுப்பு. செக்கு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும். நான் என்ன செய்தேன், சுற்று ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே பலகைக்காக நிலையை எட்டிப் பார்த்து வைத்துக்கொண்டேன். வந்தது சிவப்பு. பலகை பார்த்துக்கொண்டிருக்கிறது, அதனால் சொல்லை மாற்ற விடமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது கம்பைலர். ஒரு நாள் முழுக்க முட்டி மோதினேன். பிறகுதான் என் வழி ஞாபகம் வந்தது. அந்த இடத்தில் நகல் எடுத்தேன். சிவப்பு போயிற்று. நிலை பாட்டுக்கு மாறட்டும், பலகைக்கு அதன் நகல் இருக்கிறது. யாருக்கும் யாரோடும் சண்டை இல்லை. எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? அன்றைக்கு வீட்டுக்கு ஜிலேபி வாங்கிக்கொண்டு போனேன்.

மறுநாள் ஜெனிட்டா டீ டம்ளரோடு வந்து என் பின்னால் நின்றாள். மற்றவர்களும் இருந்தார்கள். அதுதான் விஷயம், மற்றவர்களும் இருந்தார்கள்.

“சார், இந்த நகல் சுத்துக்கு வெளியல்லா இருக்கு?”

“ஆமா.”

“அப்போ உள்ள நிலை மாறிச்சுன்னா இதுக்கு எப்படித் தெரியும்?”

“நகல்னா அதேதானம்மா. ஒரு எழுத்துகூட வித்தியாசம் இருக்காது.”

“எடுத்த நேரத்துக்கு அதேதான் சார்.”

யாரோ சிரித்தார்கள். யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. எடுத்த நேரத்துக்கு அதேதான் என்றால் என்ன அர்த்தம்? நகல் என்றால் நேரத்துக்கு நேரம் மாறுமா? அவள் குனிந்து, “பார்வையைச் சுத்துக்குள்ள வச்சுப் பாருங்க சார். ஒவ்வொரு சுத்துக்கும் புதுசா எட்டிப் பாத்தா கம்பைலர் ஒண்ணும் சொல்லாது” என்றாள். குரலில் மரியாதை இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நோயாளியிடம் பேசுகிற மாதிரி ஒரு மரியாதை.

நான் கோபப்படவில்லை. கோபப்பட்டேனா என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். இல்லை. “பேச்சு எதுக்கும்மா, சோதிச்சே காட்டிடறேன்” என்றுதான் சொன்னேன்.

முதலாளி முன்னாலேயே சோதித்தேன். மேசைமேல் பலகை, பக்கெட்டில் தண்ணீர், மிதவை. மிதவையைக் கீழே வைத்து ஸ்விட்சைப் போட்டேன். பச்சை. அணைத்தேன். மிதவையை மேலே தூக்கிக் கட்டினேன். ஸ்விட்சைப் போட்டேன். சிவப்பு. அணைத்தேன். இறக்கினேன். போட்டேன். பச்சை. எத்தனை தடவை வேண்டுமானாலும் போட்டுப் பாருங்கள் என்றேன். முதலாளி கைதட்டினார். அவரும் என்னைப் போல பம்பு ஷெட்டில் கிடந்து மேலே வந்தவர்தான்.

அப்போதும் அவள் விடவில்லை. “அணைக்காம, ஓடிட்டு இருக்கும்போதே மிதவையைத் தூக்குங்க சார்” என்றாள்.

கேட்டீர்களா? கரண்ட் ஓடும்போது கையை வைக்கச் சொல்கிறாள். எங்கள் தொழிலில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே அதுதான். அணை, அப்புறம் தொடு, அப்புறம் போடு. ஈரக்கையோடு ஓடுகிற ஸ்டார்ட்டரைத் தொட்டுப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். என் கூட வேலை செய்தவர்கள்.

“பன்னெண்டு வோல்ட் பேட்டரிதான சார். ஒண்ணும் செய்யாது” என்றாள்.

முதலாளி சிரித்தார். “பன்னெண்டோ நானூறோ, ஓடறதுல கைய வெக்கற பழக்கம் நம்ம கம்பெனில கெடையாது கண்ணு” என்றார். பேச்சு முடிந்தது.

அன்று சாயங்காலம் முதலாளியிடம் தனியாகப் போய், இந்த வேலையில் இனி அந்தப் பெண் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவளுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. வேறு வேலைக்கு மாற்றினார்கள். கொஞ்சநாளில் அவளே பெங்களூருக்குப் போய்விட்டாள். போகும்போது வந்து சொல்லிக்கொண்டுதான் போனாள். “அந்த ஒரு வரியை மட்டும் பாத்துக்கிடுங்க சார்” என்றாள். வாழ்த்துச் சொல்லி அனுப்பினேன்.

தம்பி, நான் என்னையே கேட்டுக்கொள்கிற ஆள். ராத்திரி படுத்தால் அன்றைக்கு யாரிடம் என்ன பேசினேன் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பேன். அந்தப் பெண் விஷயத்தில் நான் கர்வமாக நடந்துகொண்டேனா? வயதாகிவிட்டது என்ற பயமா? பெண்பிள்ளை சொல்கிறாள் என்ற எண்ணமா? எல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டேன். இருக்கலாம், கொஞ்சம் இருக்கலாம். என் மனைவி கோமதி சொல்வாள், “நீங்க எப்பப் பார்த்தாலும் உங்களையேதான் நோண்டிட்டு இருக்கீங்கொ. வெளிய ஒருக்கா எட்டிப் பாருங்கொ” என்று. சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு சீரியல் பார்ப்பாள். மனதைத் துருவிப் பார்க்காதவர்களுக்கு அந்த வலி புரியாது.

ஒன்று மட்டும் நிச்சயம். என் மனசில் அழுக்கு இருந்திருக்கலாம், என் பலகையில் இல்லை. சித்திரையில் நட்டோம், பள்ளத்தில் பொட்டுத் தண்ணீர் இல்லாத நேரம். நானே ஸ்விட்சைப் போட்டேன். அன்றிலிருந்து ஒரு நொடி நின்றதில்லை. சோலார் தகடு, தேவைக்கு மேலேயே பெரிய பேட்டரி. இவ்வளவு பெரிய பேட்டரி எதற்கு என்று முதலாளி கேட்டார். ஒருமுறைகூட அணையக்கூடாது என்று அடித்துச் சொன்னேன். அணையவில்லை. போட்ட அன்றைக்கு என்ன காட்டியதோ, இன்றைக்கும் அதையே காட்டுகிறது. அந்த மாதிரி ஒரு மெஷினை நீங்கள் எங்கே பார்க்க முடியும்?

வண்டி நின்றுவிட்டது.

தெரியவில்லையே, கண்ணாடியெல்லாம் புகை. துடைக்கிறேன், இருங்கள். வந்துவிட்டோம். அதோ இக்கரைப் பலகை, பச்சை. அக்கரையிலும் பச்சை தெரிகிறது பாருங்கள். ஏன் நிறுத்தினார்? எல்லோரும் எழுந்து எழுந்து பார்க்கிறார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வேறு முன்னால் நிற்கின்றன. பெட்டியைக் கொஞ்சம் பிடியுங்கள் தம்பி. நான் போய்ப் பேசிவிட்டு வருகிறேன்.

ஒன்றுமில்லை. உட்காருங்கள், உட்காருங்கள். ஓரக்கல் தெரியவில்லை என்கிறார் டிரைவர். “பாலத்தோட ஓரக்கல்லு ஒண்ணுகூடக் கண்ணுல படமாட்டேங்குதுங்க. போர்டு பச்சையா இருக்குது, எனக்குன்னா என்னமோ மனசு ஒப்பலை” என்கிறார். முன்சீட்டு அம்மா ஒருவர், “சங்கிலி கட்டியிருந்தா நீங்களும் நிப்பீங்கொ நாங்களும் நிப்போம். பச்சையப் போட்டு வெச்சுட்டு நின்னா எப்படி, பொழுதுக்குள்ள வூடு போய்ச் சேர வேண்டாமா” என்று சத்தம் போட்டார். நியாயம்தானே? தண்ணீர் செம்மண் நிறத்தில் வருகிறது, அதனால் ஆழமாகத் தெரிகிறது. கலங்கல் தண்ணீர் எப்போதும் அப்படித்தான். அந்தப் பலகையைச் செய்தவன் நான்தான் என்று டிரைவரிடம் சொன்னேன். என் போனையும் காட்டினேன்.  “நீங்க சொன்னாச் சரிங்க” என்று கியரைப் போட்டார். நல்ல மனிதர். சொன்னதைக் கேட்டுக்கொள்கிறார்.

பாருங்கள், இறங்கிவிட்டது. மெதுவாகத்தான் போகிறார்.

போன் அடிக்கிறது. அவள்தான், ஜெனிட்டா. ஒவ்வொரு மழைக்கும் அடிப்பாள். காலையிலிருந்து அடிக்கிறாள், நான் எடுக்கவில்லை. இப்போது எடுத்து என்ன பேசுவது? மெசேஜும் அனுப்பியிருக்கிறாள். படிக்கிறேன், கேளுங்கள். ‘சார், மலையில பலத்த மழைன்னு நியூஸ்ல பாத்தேன். தயவுசெஞ்சு ஒரே ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. அப்புறம் என்ன கலர் வருதுன்னு பாருங்க. அது போதும்.’

அது போதுமாம். இதோ என் போனிலேயே பொத்தான் இருக்கிறது, இங்கிருந்தே அணைத்துப் போடலாம். ஆனால் ஓடுகிறதை யாராவது அணைப்பார்களா? அணைத்தால் கொஞ்சநேரம் பலகை இருண்டு கிடக்கும். அந்த நேரத்தில் யாராவது பாலத்தில் இருந்தால்?

ஆமாம், நாம்தான் இருக்கிறோம்.

அது என்ன, இன்ஜின் சத்தம் மாறுகிறதே. படிக்கட்டில் தண்ணீர் வந்துவிட்டதா? அது வரும், இந்த டவுன் பஸ்களில் படி தாழ்வு. அதற்கென்ன. என் கையை ஏன் பிடிக்கிறீர்கள் தம்பி? உங்கள் குஞ்சுகள் ஏன் சத்தமே இல்லாமல் இருக்கின்றன? இவ்வளவு நேரம் கத்திக்கொண்டுதானே வந்தன.

அழுத்தச் சொல்கிறீர்களா? நீங்களுமா? இவ்வளவு நேரம் விளக்கிச் சொன்ன பிறகுமா? அழுத்தினாலும் பச்சைதான் வரப்போகிறது தம்பி. சரி, அந்தப் பால் வண்டிக்காரர் உங்கள் உறவு என்றீர்கள். உங்களுக்காக அழுத்துகிறேன். உங்கள் மனசு ஆறட்டும். அவளுக்கும் ஒரு பதில் அனுப்பின மாதிரி இருக்கும். 

அழுத்திவிட்டேன்.

அதோ பாருங்கள், அக்கரை. இருண்டுவிட்டது. பயப்படாதீர்கள், அப்படித்தான் இருக்கும். முதலில் கண்விழிக்கும். அப்புறம் மிதவையைப் பார்க்கும். அப்புறம் சொல்லை எடுக்கும். அப்புறம்தான் பலகை. காலெல்லாம் நனைகிறது. சீட்டின்மேல் ஏறிக்கொள்ளுங்கள். பிள்ளைகளையும் ஏற்றிவிடச் சொல்லுங்கள். டிரைவர் ஏன் ஸ்டியரிங்கை அப்படிச் சுழற்றுகிறார், வண்டி அவர் திருப்புகிற பக்கம் போகவில்லையே.

வருகிறது. வருகிறது, பாருங்கள்.

சிவப்பு.

வேலை செய்கிறது தம்பி. எவ்வளவு தெளிவாக எரிகிறது பாருங்கள், இந்த மழையிலும் ஒவ்வொரு எழுத்தும் தெரிகிறது. நான்தான் சொன்னேனே, வேலை செய்கிறது. பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொள்ளுங்கள்.